வழுவும் வழுவமைதியும்: கணினிப் பொதிகளில் நேரும் பிழைகளும் அவற்றின் திருத்தங்களும்

தமிழ் இலக்கண நூலார் பிழையை நோக்கிய முறை நுட்பமானது. முறைப்படி அமைந்ததை வழாநிலை என்றும், முறை தவறியதை வழு என்றும் பிரித்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. பிழைபோல் தோன்றினும் தக்கதொரு காரணம் உடைமையால் ஏற்கத்தக்கதனை வழுவமைதி என்று மூன்றாவதாக வகுத்து வைத்தனர். பசுவை அன்பு மிகுதியால் தாய் என்று உயர்திணையில் அழைப்பது திணைவழுவே. ஆயினும் உவகை என்னும் காரணம் இருத்தலின் அஃது அமைக்கப்பட்டது. காரணம் காட்ட இயலாத பிழைக்கு இச்சலுகை இல்லை. பிழையை அறிவது ஒரு திறம். எந்தப் பிழையை ஏற்பது, எதனை விலக்குவது என்று வரையறுப்பது அதனினும் அரிய திறம்.

கணினித் துறையில் 'பக்' எனப்படும் குறைக்கு இக்காலத் தமிழர் 'வழு' என்னும் சொல்லையே ஆண்டு வருகின்றனர். சொல்லாட்சி பொருத்தமானதே. ஆனால் சொல்லை எடுத்துக்கொண்டவர்கள் அதனோடு பிறந்த பாகுபாட்டையும் எடுத்துக்கொண்டனரா என்பது கேள்வி. செய்திப் பொதிகளைக் கையாளும் நிரல்களின் வரலாற்றை நோக்கினால், உலகெங்கும் கணினிகளை நிலைகுலைத்த இடர்கள் சில, வழுவுக்கும் வழுவமைதிக்கும் எல்லை வகுக்காமையால் விளைந்தவை என்பது புலனாகும். அவ்வழுக்களைத் திருத்தவந்த திருத்தங்களிலும் தக்கவை உண்டு, தகாதவை உண்டு. அவற்றின் தகுதியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பினாங்கும் செய்திப் பொதியும்

இப்பொருள் பினாங்குத் தமிழர்க்குச் சேய்மையானது அன்று. 1870ஆம் ஆண்டிலேயே சென்னையிலிருந்து கடலடியில் தந்திக் கம்பி இடப்பட்டது. அது பினாங்கு வழியாகச் சிங்கப்பூரை எட்டியது. பின்னர் 2010ஆம் ஆண்டுகளின் இடைப்பகுதியில் 'பே ஆஃப் பெங்கால் கேட்வே' என்னும் ஒளியிழை வடம் அதே வங்கக் கடலின் அடியில் சென்னையையும் இலங்கையின் இரத்மலானையையும் பினாங்கையும் இணைத்தது. 1972இல் இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைப் பாயான் லெப்பாசில் தொடங்கியது. தோட்டங்களை விட்டு நகர்ப்புறம் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அவ்வட்டார ஆலைகளில் உழைத்தனர், இன்றும் உழைக்கின்றனர். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 2005இல் நிறுவப்பட்ட தேசிய உயர்நிலை ஐபிவி6 மையம், புதிய இணைய நெறிமுறையையும் அதன் பாதுகாப்பையும் ஆராயும் நிலையமாக விளங்கியது. பேராசிரியர் சுரேஸ்வரன் ராமதாஸ் அதன் தொடக்க கால இயக்குநராக விளங்கியவர். ஆகவே பொதி எவ்வாறு பயணம் செய்கிறது, எங்கே கெடுகிறது என்று வினவும் உரிமை ஜார்ஜ் டவுன் தமிழ் மாணவனுக்கு நிரம்ப உண்டு.

கணினி ஒன்று மற்றொன்றுக்கு அனுப்பும் செய்தி ஒரே பிண்டமாகச் செல்வதில்லை. அது பொதிகளாகக் கட்டப்படுகிறது. ஒவ்வொரு பொதிக்கும் ஒரு தலைப்பு உண்டு. அனுப்பியவர் முகவரி, பெறுபவர் முகவரி, பொதியின் முழு நீளம் முதலியன அத்தலைப்பில் எழுதப்பட்டிருக்கும். வழியில் உள்ள இணைப்பு சிறிதாயின் பொதி மேலும் துண்டுகளாக்கப்படும். பெரிய கப்பல் கரையை அணுக இயலாத காலத்தில் சரக்கைத் தோணிகளில் பிரித்து ஏற்றிப் பினாங்குக் கரைக்குக் கொணர்ந்து, கிட்டங்கியில் மீண்டும் ஒன்றுசேர்த்ததைப் போன்றது இது.

துண்டாடல் என்னும் சொல் மலேசியத் தமிழர்க்குக் கசப்பானது. 1950, 1960ஆம் ஆண்டுகளில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர் குடும்பங்கள் வாழ்விழந்தன. அதற்கு மாற்றாகவே 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. வலையமைப்பில் துண்டாடல் தன்னளவில் கேடு அன்று. துண்டுகளை மீண்டும் சேர்ப்பவர் கணக்குத் தவறும்போதே கேடு விளைகிறது.

சேர்க்கும் பணியைச் செய்வது இயங்குதளத்தின் உட்பகுதியான கருநிரல். 'கர்னல்' என்று வழங்குவது அதுவே. வந்த துண்டுகளை வைக்க அது நினைவகத்தில் ஓர் இடத்தை ஒதுக்குகிறது. இவ்விடத்தைப் பொதிக்கலம் எனலாம். இதன் தன்மையை விளங்கிக்கொள்ளச் செட்டியார்களின் கிட்டங்கியை நினைத்தல் தகும். நீண்ட கூடம் ஒன்றில் பல கடைக்காரர்கள் தத்தம் பெட்டியை முன்வைத்து அடுத்தடுத்து அமர்ந்திருப்பர். நடுவில் சுவர் இராது. ஒருவர் தம் எல்லை கடந்து எழுதுகோலை ஓட்டினால் அடுத்தவர் பேரேடு கெடும். நினைவகமும் இவ்வாறானதே. ஒரு பொதிக்கலத்தில் கொள்ளாத எழுத்து அடுத்த இடத்தில் விழும். அங்கே வேறொரு பணிக்குரிய கணக்கு இருக்கலாம். கருநிரல் அடுத்துச் செய்யவேண்டிய செயலின் முகவரியே இருக்கலாம். அது கெட்டால் கணினி நிற்கும். அல்லது தீயோன் சொற்படி ஆடும்.

நான்கு குற்றங்கள்

நன்னூலில் பவணந்தி முனிவர் நூலுக்குரிய குற்றங்கள் பத்தினைத் தொகுத்தார். அவற்றுள் முதல் நான்கு குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என்பன. பொதிகளில் நேரும் குற்றங்களை இந்நான்கு பெயர்களால் அளந்து பார்த்தால், கருநிரல் திருத்தங்களின் தரம் தெளிவாக விளங்கும்.

குன்றக் கூறல்

தலைப்பு 60 பைட்டு உண்டு என்று சொல்லி, கைக்கு 20 பைட்டே வந்தால் அது குன்றல். இல்லாத 40 பைட்டையும் இருப்பதாக எண்ணிப் படிக்கும் நிரல், அடுத்தவர் பேரேட்டைப் படிக்கத் தொடங்கிவிடும்.

லினக்ஸ் கருநிரலின் நிரல்வரிகளை எவரும் படிக்கலாம். பழைய நெறிமுறைப் பொதியை அது முதன்முதலாக ஏற்கும் பகுதி, உரையாசிரியர் ஒருவரின் முறைவைப்பை ஒத்திருக்கிறது. முதலில், தலைப்பின் குறைந்த அளவான 20 பைட்டு கைவசம் உண்டா என்று கேட்கிறது. உண்டானால் மட்டுமே தலைப்பைத் திறந்து, அது தன் நீளமாக எதனைக் கூறுகிறது என்று பார்க்கிறது. அந்நீளம் 20க்குக் குறைந்தால் பொதி தள்ளப்படும். குறையாவிடின், கூறப்பட்ட நீளம் முழுவதும் கைவசம் உண்டா என்று மீண்டும் கேட்கிறது. பின்னர்ச் சரிபார்ப்புக் கூட்டல். இறுதியில், பொதி தன் முழு நீளமாகச் சொன்னது வந்த அளவினும் மிகுதியாக இருந்தால் தள்ளுகிறது. தலைப்பின் நீளத்தினும் குறைவாக இருந்தாலும் தள்ளுகிறது.

இவ்வரிசையின் சிறப்பு, எதனையும் படிக்குமுன் அது கைவசம் உண்டா என்று கேட்பதே. வரிசை மாறினால் வினாக்கள் அனைத்தும் இருந்தும் பயனில்லை. மாணவன் எழுதாத விடைக்கு மதிப்பெண் இட்டபின் தாளைத் திருப்பிப் பார்க்கும் ஆசிரியரைப் போலாகிவிடும்.

இங்கே மற்றொரு நுட்பமும் காணத்தக்கது. இரண்டாம் முறை கைவசம் உண்டா என்று கேட்கும்போது, சிதறிக் கிடக்கும் பகுதிகளை ஒன்றுசேர்க்கும் பொருட்டுக் கருநிரல் பொதியை நினைவகத்தில் வேறிடத்துக்கு மாற்றக் கூடும். ஆகவே அவ்வினாவுக்குப்பின் தலைப்பின் முகவரியை மறுபடியும் கேட்டு வாங்குகிறது. பார்வைக்கு வேண்டாத வரிபோல் தோன்றும் அந்த ஒரு வரியை மறந்தால், குடிபெயர்ந்தவரைப் பழைய வீட்டில் தேடிய கதையாகும். அப்பழைய வீட்டில் இப்போது வேறொருவர் குடியிருப்பார். இவ்வகை மறதி கருநிரல்களில் மீண்டும் மீண்டும் காணப்படும் வழுக்களுள் ஒன்று. படித்தவர் வேண்டாதது என்று நீக்கத் துணியும் வரியே காவலாக இருப்பதைப் பழம்பாடல்களைப் பதிப்பித்தவர்கள் நன்கு அறிவர்.

மிகைபடக் கூறல்

மிகையில் இருவகை உண்டு. ஒன்று அமைக்கத்தக்கது, மற்றொன்று விலக்கத்தக்கது.

ஈதர்நெட் என்னும் இணைப்பு 46 பைட்டுக்குக் குறைந்த சுமையை ஏற்பதில்லை. 40 பைட்டுப் பொதி ஒன்று அவ்வழியே செல்லவேண்டின், அனுப்பும் கணினி 6 பைட்டு நிரப்பியாதல் வேண்டும். பெறும் கணினிக்கு வந்தது 46. பொதி தன் நீளமாகச் சொன்னது 40. இம்மிகைக்குக் காரணம் உண்டு. ஆகவே மேற்சொன்ன பகுதி இதனைத் தள்ளாமல், மிகுந்த 6 பைட்டை வெட்டிவிட்டு ஏற்கிறது. இது தக்க வழுவமைதி. ஆனால் நிரப்புபவரும் ஒழுங்காக நிரப்பவேண்டும். வலையட்டையை இயக்கும் நிரல்கள் சில, அவ்விடத்தைச் சுழியால் நிரப்பாமல் முன்னைப் பொதியில் எஞ்சிக்கிடந்ததை அப்படியே அனுப்பின. ஒருவர் செய்தியின் துணுக்கு மற்றொருவர்க்குச் சென்றது. இக்குறை 2003இல் 'ஈதர்லீக்' என்னும் பெயரால் வெளிப்பட்டது.

விலக்கத்தக்க மிகைக்கு எடுத்துக்காட்டு, 1996ஆம் ஆண்டின் இறுதியில் பரவிய 'மரணப் பிங்' ஆகும். 1981இல் வெளியான இணைய நெறிமுறை விதிப்படி ஒரு பொதியின் முழு நீளம் 65,535 பைட்டைக் கடத்தல் ஆகாது. நீளத்தை எழுத ஒதுக்கிய 16 இலக்கங்களில் அதனினும் பெரிய எண் அடங்காது. ஆனால் துண்டுகளுக்கு இத்தடை நேரடியாகப் பொருந்தவில்லை. துண்டு எங்கே தொடங்குகிறது என்று காட்டும் எண்ணுக்கு 13 இலக்கங்கள் உண்டு. அது எட்டெட்டாக எண்ணும். ஆகவே கடைசித் துண்டு 65,528ஆவது இடத்தில் தொடங்கலாம். அங்கே ஏழு பைட்டுக்கு மேல் வைத்தால் மொத்தம் எல்லை கடந்துவிடும். விண்டோஸ் கணினியில் 65,510 பைட்டு உள்ள பிங் ஒன்றை அனுப்பச் சொன்னாலே போதும்: அதனோடு 8 பைட்டும் 20 பைட்டும் ஆகிய இரு தலைப்புகள் சேர 65,538 ஆகும். மூன்றே பைட்டு மிகை. அவ்வளவுக்குப் பல கணினிகள் வீழ்ந்தன.

திருத்தம் எளிது. தொடக்க எண்ணையும் துண்டின் நீளத்தையும் கூட்டி, எல்லை கடந்தால் தள்ளுக என்பதே. இத்திருத்தத்தைக் குறைகூற இடமில்லை. ஆனால் இதனால் கற்கவேண்டிய பாடத்தை அனைவரும் கற்றனர் என்று சொல்லவும் இடமில்லை. 2019 சூன் மாதம் நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனத்தின் ஜானதன் லூனி வெளிப்படுத்திய 'சாக் பேனிக்' என்னும் வழு அதே குற்றத்தின் மறுபிறப்பு. லினக்ஸ் கருநிரலின் பொதிக்கலம் ஒன்றில் 17 பகுதிகள் இருக்கலாம். ஒவ்வொன்றும் 32 கிலோபைட்டு கொள்ளும். ஆக மொத்தம் 5,57,056 பைட்டு. எதிர்முனையில் உள்ளவர் ஒரு தவணைக்கு 8 பைட்டே தருக என்று வேண்டுமென்றே கேட்டால், அவற்றை 69,632 கூறுகளாக எண்ணவேண்டும். எண்ணிக்கை எழுத ஒதுக்கிய இடமோ 65,535 வரையே கொள்ளும். எண் தவறியது, கருநிரல் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. பத்தாண்டுகளுக்கு முற்பட்ட பதிப்புகளிலும் இக்குறை இருந்தது.

இவ்வழுவை ஊன்றி நோக்கவேண்டும். 17 என்னும் எண்ணும் தவறன்று; 32 என்பதும் தவறன்று; 8 என்பதும் விதிக்கு உட்பட்டதே. தனித்தனியே வழாநிலையாக இருந்த மூன்று, ஒருங்கு கூடியபோது வழுவாயின. தனிச்சொல் ஒவ்வொன்றும் திருந்திய சொல்லாக இருக்க, தொடர் முடிபு ஏற்காமல் கெடுவது இலக்கணம் கற்பிப்போர் அன்றாடம் காண்பது. நிரல்வரியை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பவர் காணாத பிழையைத் தொடராகப் படிப்பவரே காண்பர்.

மாறுகொளக் கூறல்

நான்கனுள் மிகக் கொடியது இதுவே. ஒரு துண்டு, தான் முதல் பைட்டு தொடங்கி 36ஆம் பைட்டு வரை நிறைந்திருப்பதாகச் சொல்கிறது. அடுத்த துண்டு, தான் 24 பைட்டுக்குப்பின் தொடங்கி 28இல் முடிவதாகச் சொல்கிறது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. எது மெய்?

1997இல் 'டியர்ட்ராப்' என்னும் தாக்குதல் இவ்வகைத் துண்டுகளையே அனுப்பியது. அன்றைய லினக்ஸ் நிரல், பின்னதன் தொடக்கத்தை முன்னதன் முடிவுக்கு நகர்த்தியது. அதாவது 24ஐ 36 ஆக்கியது. பிறகு முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்து நீளம் கண்டது. 28இலிருந்து 36ஐக் கழித்தால் எட்டுக் குறை. எதிர்ம எண்ணை அறியாத படியெடுக்கும் நிரல் அதனை 4,294,967,288 என்று கொண்டது. எட்டுப் பைட்டுக் குறைக்கு மாறாக 429 கோடிக்கும் மேற்பட்ட பைட்டுகளைப் படியெடுக்க முயன்ற கருநிரல் வீழ்ந்தது.

அப்போது செய்த திருத்தம், நீளம் எதிர்மமாக வந்தால் தள்ளுக என்பது. விமரிசனத்துக்குரிய இடம் இதுவே. இத்திருத்தம் நோயின் குறியைத் தடுத்தது, நோயைத் தொடவில்லை. இரு துண்டுகள் முரணியபோது அவற்றைச் சமாதானப்படுத்தும் பழக்கம் அப்படியே நின்றது. விளைவு, மறு ஆண்டே வெளிப்பட்டது. 1998இல் 'நெஸ்டீ' என்னும் தாக்குதல் துண்டுகளைச் சேர்க்கும் அதே பகுதியில் மற்றோர் அளவுப் பிழையைப் பயன்படுத்தியது. மாணவன் 'பள்ளிகூடம்' என்று எழுதிய இடத்தில் ஒரு 'க்' சேர்த்துக் கொடுத்துவிட்டு, வல்லெழுத்து மிகும் விதியைச் சொல்லாது விடும் ஆசிரியர், அடுத்த வாரம் 'தமிழ்பள்ளி' என்பதனைத் திருத்தவேண்டி வரும்.

அதே 1998இல் தாமஸ் ப்டாசெக், திமொத்தி நியூஷம் ஆகிய இருவரும் இதன் ஆழத்தைக் காட்டினர். ஒன்றன்மேல் ஒன்று படியும் துண்டுகளுள் எதனைக் கொள்வது என்பதில் இயங்குதளங்கள் வேறுபட்டன. சில முன்னர் வந்ததைக் கொண்டன. சில பின்னர் வந்ததைக் கொண்டன. வாயிலில் நிற்கும் காவற்கணினி ஒரு பாடத்தைப் படிக்க, உள்ளே இருக்கும் கணினி வேறொரு பாடத்தைப் படித்தது. காவலர் நல்லது என்று விட்ட செய்தி உள்ளே நஞ்சாக மாறியது. பாடபேதம் ஏட்டுக்கு மட்டும் உரியது அன்று; ஆனால் ஏட்டில் பாடபேதம் காலத்தின் விளைவு, இங்கே அது பகைவனின் கருவி.

கூறியது கூறல்

நோயை வேரோடு களையும் திருத்தம் முதலில் புதிய நெறிமுறைக்கே கிடைத்தது. ஐபிவி6 நெறிமுறையில் ஒன்றன்மேல் ஒன்று படியும் துண்டுகளை ஏற்கவே கூடாது, முழுப் பொதியையும் தள்ளவேண்டும் என்று 2009இல் விதி வகுக்கப்பட்டது. வழியிடைக் கருவிகள் பொதியைத் துண்டாடுவதையும் அந்நெறிமுறை விலக்கிவிட்டது. அனுப்புபவரே அளவறிந்து அனுப்புதல் வேண்டும். பழைய நெறிமுறைக்கு லினக்ஸ் இவ்விதியை 2018 ஆகஸ்டு மாதத்தில்தான் மேற்கொண்டது. டியர்ட்ராப் தோன்றி 21 ஆண்டுகள் கழிந்தபின்! சிறு துண்டுகளைக் குவித்துக் கருநிரலைத் தேடுதல் வேலையிலேயே திணறவைக்கும் 'ஃபிராக்மெண்ட்ஸ்மாக்' என்னும் தாக்குதல் வெளிப்பட்ட நெருக்கடியே இம்மாற்றத்துக்குத் துணை நின்றது.

இத்துணைக் காலத்துக்குப்பின் வந்த நல்ல திருத்தமும் ஒரு குற்றம் செய்தது. சோதிக்கும் வரி எழுதப்பட்ட முறையால், முற்றிலும் ஒத்த இரட்டைத் துண்டும் முரண்பட்ட துண்டாகக் கொள்ளப்பட்டது. வலையமைப்பில் ஒரே துண்டு இருமுறை வந்து சேர்வது இயல்பாக நேரக்கூடியது; அதில் சூது இல்லை. ஆனால் புதிய நிரல் இரண்டாவது படியைக் கண்டவுடன் முழுப் பொதியையும் தள்ளியது. இரட்டைப் பொதிகள் மிகுதியாக வரும் இடங்களில் துண்டுபட்ட செய்தி சென்று சேராமற் போகும் நிலை உண்டாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் மறுதிருத்தம் வந்தது: முன்பு வந்ததில் முழுதும் அடங்கும் துண்டாயின் அதனை மட்டும் விடுக, ஒரு பகுதி மட்டும் படிந்தால் முழுப் பொதியையும் தள்ளுக.

இம்மறுதிருத்தம் சொல்வது என்ன? கூறியது கூறல் வேறு, மாறுகொளக் கூறல் வேறு என்பதே. பவணந்தியார் இரண்டையும் இரு குற்றங்களாகப் பிரித்து எண்ணியிருக்க, ஆகஸ்டுத் திருத்தம் இரண்டையும் ஒன்றாக்கியது. டிசம்பர்த் திருத்தம் மீண்டும் பிரித்தது. முன்னதற்குக் காரணம் உண்டு. ஆகவே அது வழுவமைதி. பின்னதற்கு நேர்மையான காரணம் காட்டுதல் அரிது. ஆகவே அது வழு. நான்கு மாதத்தில் நிகழ்ந்த இவ்விரு திருத்தங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பது, நல்ல பாடம் ஒன்றைக் கேட்பதற்கு ஒப்பாகும்.

ஒரு நுட்பமான குறையை இங்கே சுட்டலாம். முன்னதில் முழுதும் அடங்கும் துண்டு, எழுத்துக்கு எழுத்து ஒத்ததா என்று மறுதிருத்தம் சோதிப்பதில்லை. எல்லையை மட்டும் பார்க்கிறது. உள்ளே மாறுபட்ட எழுத்து இருப்பினும் முன்னர் வந்ததே நிற்கும். முழுநிலைத் தூய்மையை நோக்கினால் இது குறையே. ஆயினும் ஒவ்வொரு பைட்டையும் ஒப்பிடுவதற்குக் காலம் செல்லும். முன்னர் வந்ததை அழிக்காது விடுவதால் நினைவகத்துக்கும் கேடில்லை. காரணம் இருத்தலின் இதனையும் அமைக்கலாம்.

தாராளம் என்னும் கொள்கை

இவ்வழுக்கள் இத்தனை காலம் நிலைத்ததற்கு ஒரு கொள்கை இடம் தந்தது. இணைய நெறிமுறைகளைத் தொகுத்த ஜான் போஸ்டல், 1980இல் ஓர் அறிவுரை வழங்கினார். அனுப்புவதில் கண்டிப்பாக இரு. ஏற்பதில் தாராளமாக இரு என்பது அதன் கருத்து. 1981ஆம் ஆண்டு விதியிலேயே, படிந்த துண்டுகளுள் பின்னர் வந்ததைக் கொள்ளும் முறை ஒன்று எடுத்துக்காட்டாக எழுதப்பட்டிருந்தது.

இக்கொள்கையைப் பழிப்பது எளிது. பழிப்பதற்குமுன் அதன் காலத்தை நோக்குதல் நேர்மை. வெவ்வேறு கூடங்களில் வெவ்வேறு அறிஞர் எழுதிய நிரல்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கிய காலம் அது. சிறுபிழைக்கெல்லாம் கதவடைத்திருந்தால் இணையம் வளர்ந்தே இராது. புதிதாகப் பேசப் பழகும் குழந்தையின் மழலையைத் திருத்திக்கொண்டே இருக்கும் தாய் எவளும் இல்லை.

ஆனால் மழலையை ஏற்கும் தாராளம் வளர்ந்தபின்னும் தொடர்ந்தால் மொழி கெடும். பிழையான பொதியை ஏற்கும் கணினி ஒன்று இருந்தால், பிழையாக அனுப்பும் நிரல் தன் பிழையை அறியாமலே வாழும். நாளடைவில் அப்பிழையையே மற்றவரும் ஏற்கவேண்டியதாகும். 2023இல் இணைய நெறிமுறைக் குழுவினர் வெளியிட்ட ஆவணம் ஒன்று இக்கேட்டை விளக்கி, பிழைகளைப் பொறுத்துக்கொண்டே போவதற்கு மாறாக நெறிமுறையைப் பேணித் திருத்திவருதலை வற்புறுத்தியது. தாராளத்துக்கும் எல்லை வேண்டும். அவ்வெல்லை காரணம் என்பதே தமிழ் இலக்கணத்தின் விடை. காரணம் கேளாத தாராளம் வழுவமைதி ஆகாது.

புதிய நெறிமுறையும் இவ்விழிப்பினின்று விலக்குப் பெறவில்லை. 2020 அக்டோபரில் விண்டோசில் வெளிப்பட்ட 'பேட் நெய்பர்' என்னும் வழு ஐபிவி6 பொதி ஒன்றைப் பற்றியது. பெயர் வழங்கியின் முகவரிகளைத் தெரிவிக்கும் பகுதியில் நீளம் எட்டெட்டாக எண்ணப்படும்: தலைக்கு ஒன்று, ஒவ்வொரு முகவரிக்கும் இரண்டு. ஆகவே அந்நீளம் 3, 5, 7 என ஒற்றைப்படையாகவே வருதல் வேண்டும். இரட்டைப்படை எண்ணை எழுதி ஒருவர் அனுப்பியபோது, நிரல் எட்டுப் பைட்டுக் கணக்குத் தவறிப் பொதிக்கலத்தைக் கடந்து எழுதியது. பொதி தன்னைப் பற்றிச் சொன்னதை அப்படியே நம்பியதே இங்கும் பிழை. பினாங்கில் இத்துறையை ஆராயும் மையம் ஒன்று நிறுவப்பட்டதன் பயன் இத்தகைய எடுத்துக்காட்டுகளால் விளங்கும்.

பதிப்பாசிரியரும் கருநிரலும்

ஏடுகளிலிருந்து சங்க நூல்களை அச்சேற்றிய உ. வே. சாமிநாத ஐயர் 1894இல் புறநானூற்றை வெளியிட்டார். அத்தொகையில் 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. அவ்விடங்கள் வெற்றிடமாகவே உள்ளன. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் அவ்வாறே கிடைத்தில. இல்லாத இடத்தை ஊகத்தால் நிரப்பாமை பதிப்பாசிரியரின் அறம். கருநிரலுக்கும் அதுவே அறம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பதிப்பாசிரியர் எஞ்சியதைக் காக்கிறார். கருநிரலோ முரண்பட்ட பொதியை முற்றிலும் தள்ளிவிடுகிறது. பாடிய புலவர் மீண்டும் வந்து பாடார். அனுப்பிய கணினி பெரும்பாலும் மீண்டும் அனுப்பும். ஆதலின் அங்கே காத்தல் முறை; இங்கே தள்ளுதல் முறை. ஒரே கொள்கை இரு துறைகளில் இரு செயலாக வெளிப்படுகிறது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கினால், நல்ல திருத்தத்துக்கு மூன்று இலக்கணங்கள் தேறுகின்றன. படிக்குமுன் அளத்தல் ஒன்று. நிகழ்ந்த ஒரு பிழையை மட்டும் தடுக்காமல் அப்பிழைக்கு இடந்தந்த வழக்கத்தை நீக்குதல் மற்றொன்று. நீக்கும்போது காரணமுடைய வழுவமைதியையும் சேர்த்து நீக்கிவிடாமை மூன்றாவது. 1996இன் திருத்தம் முதலாவதை நிறைவேற்றியது. 1997இன் திருத்தம் இரண்டாவதில் தவறியது. 2018 ஆகஸ்டின் திருத்தம் இரண்டாவதை நிறைவேற்றி மூன்றாவதில் தவறியது. டிசம்பரின் மறுதிருத்தமே மூன்றையும் எய்தியது எனலாம்.

டிசம்பர்த் திருத்தத்துக்குப் பிறிதொரு சிறப்பும் உண்டு. அதனை எழுதியவர், முன்னைத் திருத்தம் எது, அதன் சோதனையில் என்ன குறை, எவ்விடங்களில் அதனால் தொல்லை நேரும் என்று தம் திருத்தத்தின் முகப்பிலேயே எழுதிவைத்தார். காரணம் எழுதப்பட்டமையால் பின்வருவோர் அவ்வரியை வேண்டாதது என்று நீக்கமாட்டார். தமிழ்ப்பள்ளி மாணவரின் கட்டுரை ஏடுகளில் சிவப்பு மையால் கோடிடும் ஆசிரியர்களும், கோட்டின் அருகே விதியை ஒரு சொல்லால் எழுதிவைத்தால், ஏட்டைத் திரும்பப் பெறும் பிள்ளை அந்த எழுத்தை மட்டுமன்றி அடுத்த எழுத்தையும் திருத்திக்கொள்ளும். அப்பிள்ளைகளுள் சிலர் நாளை பாயான் லெப்பாசிலோ மிண்டன் வளாகத்திலோ கருநிரல் ஒன்றைத் திறந்து படிக்கக் கூடும். அவர்கள் இலக்கண வகுப்பில் கற்ற வழுவமைதியை அங்கும் நினைவுகூர்வாராயின், அவ்வகுப்பு வீணாகவில்லை என்க.